வட சென்னையில் உட்கார்ந்து வரக்கூடிய பழைய கல்லறை ஒன்றாவது இருக்கிறதா?

அக்டோபர் 29, மாலை. ஒரு வாசகர் கேட்டது:
வட சென்னையில் நூறு வருஷத்துக்கு மேல் பழசான, மரமும் நிழலுமாகப் பூங்கா போல இருக்கிற கல்லறை ஒன்றுகூட இல்லை என்கிறேன். கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையை மணிக்கணக்கில் சுற்றிப் பார்க்கிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? புதரும் பிளாஸ்டிக் கவரும்தான். யாராவது மறுக்க முடியுமா?

அக்டோபர் 29, இரவு 10.40
நான் மறுக்கிறேன். பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. அம்மா வழிக்குக் காசிமேடு கல்லறை, அப்பா வழிக்கு மூலக்கொத்தளம். இரண்டு பக்கமும் ஆள் வைத்திருக்கிறேன்.

முதலில் வார்த்தையைப் பாருங்கள். அம்மா வீட்டில் யாரும் வெறுமனே 'கல்லறை' என்று சொன்னதில்லை, 'கல்லறைத் தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். அப்பா வீட்டில் 'காடு'. இடுகாடு, சுடுகாடு, காடாத்து. ஒரு பக்கம் தோட்டம், இன்னொரு பக்கம் காடு. பூங்காவைப் பெயரிலேயே வைத்துக்கொண்டுதான் புதைத்திருக்கிறோம். பராமரிப்பு வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அக்டோபர் 30, காலை
வயதைப் பற்றி. இந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் முதலில் புதைத்த இடமே ஒரு தோட்டம்தான், பெயர் கொய்யாத் தோட்டம். இன்று பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கிற இடம். 1600-களின் நடுவிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் அங்கேதான் புதைத்தார்கள். பெரிய பெரிய சமாதிகள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுக்காரன் லாலி வந்து கோட்டையை முற்றுகை போட்டபோது அவனுடைய ஆட்கள் அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் கோட்டைக்காரர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சமாதிகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. எதிரிக்கு ஒளிவிடம் கொடுத்த செத்தவர்களுக்குத் தண்டனை!

பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுபோய்ப் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தளமாகப் பாவிவிட்டார்கள். 1652 என்று தேதி போட்ட கல்கூட அங்கே இருக்கிறது. நாம் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன் மேல் நடக்கிறோம். பிறகு ஹைதர் அலியோடு சண்டை வந்தபோது அதிலும் சில கற்களைப் பெயர்த்துக் கொத்தளத்தில் பீரங்கிக்கு அடியில் வைத்தார்கள்.

ஒரு கல் எத்தனை வேலை பார்க்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அக்டோபர் 30, மதியம்
திட்டு வந்துவிட்டது. கோட்டை வட சென்னையா என்று. கூவத்துக்கு வடக்கே என்பது என் கணக்கு. 'சென்ட்ரல் தாண்டினாலே வட சென்னை' என்பது ஆட்டோக்காரர்கள் கணக்கு, மீட்டருக்கு மேல் கேட்பதற்கு. தீவுத்திடல் பக்கத்தில் இருக்கிற புனித மேரி கல்லறையை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கொய்யாத் தோட்டம் போன பிறகு, 1760-களில் அதற்கு மாற்றாக வந்தது அது. நல்ல மரங்கள் உண்டு. ஆனால் அது தீவு. தீவு யாருக்கும் சொந்தமில்லை.

அக்டோபர் 31
கொய்யாத் தோட்டத்தில் எல்லாவற்றையும் இடித்தார்கள் என்று எழுதினேன். தவறு. ஓரிரண்டை விட்டுவைத்தார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் கூர்ந்த கோபுரம் ஒன்று நிற்கிறதே, அது அந்தக் காலத்துச் சமாதி. அடியில் இரண்டு பேர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், 1680-இல் இறந்த கம்பெனி உத்தியோகஸ்தர். இன்னொருவர் டேவிட் யேல், நாலு வயது நிரம்பாத பிள்ளை. கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று பெயர் வரக் காரணமான அதே யேல்தான்.

ஹின்மர்ஸ் இறந்த அதே வருஷம் நவம்பரில் அவருடைய விதவை கேதரினை யேல் கல்யாணம் செய்துகொண்டார். புனித மேரி தேவாலயம் திறந்து நடந்த முதல் கல்யாணம் அதுதான் என்பார்கள். பிள்ளை போனபோது அவனைத் தன் மனைவியின் முதல் புருஷனுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தம்மா சொல்லித்தான் வைத்திருப்பார் என்று என் அக்கா அடித்துச் சொல்கிறாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். இரண்டு பேரையும் ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா.

2023-இல் அந்தச் சமாதியை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. பல அடுக்கு வண்டி நிறுத்தம் கட்ட வேண்டியிருந்தது.

நவம்பர் 2, இரவு
கல்லறைத் திருநாள். இப்போதுதான் காசிமேட்டிலிருந்து வந்தேன். கையெல்லாம் மெழுகு.

கேள்வி கேட்ட நண்பர் இன்றைக்கு வந்திருக்க வேண்டும். வாசலுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே சாமந்தி, ரோஜா, சம்பங்கி என்று தரையில் குவித்து வைத்திருக்கிறார்கள். மெழுகுவத்தி, ஊதுவத்தி, சுண்ணாம்பு மட்டை, கறுப்புப் பெயின்ட் டப்பா, எழுத்து எழுத ஒரு ஆள். பெயர் அழிந்த கல்லுக்கு மறுபடி பெயர் எழுத எழுத்துக்கு இவ்வளவு என்று பேசுவார். எங்கள் பெரியப்பா பெயர் நீளம், அமலோற்பவநாதன். சாகும்வரை தன் பெயரால் குடும்பத்துக்குச் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். செத்த பிறகும் செலவுதான்.

உள்ளே போனால் மீன்பிடித் துறைமுகத்துக் காற்று. உப்பும் மீன் கவிச்சியும் ஊதுவத்தியும் சேர்ந்த அந்த வாசனை வேறு எந்தக் கல்லறையிலும் கிடையாது. நடைபாதை இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது. சிறுவயதில் இந்த ஒரு நாள்தான் எங்களுக்குப் பிக்னிக். பாட்டி கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூவால் சிலுவை போட்டு, ஜெபம் முடித்து, பக்கத்துக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்து அம்மா கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிடுவோம். யாருடைய கல்லறை என்று தெரியாது. அம்மா அதற்கும் ஒரு மெழுகுவத்தி வைப்பாள், வாடகை மாதிரி.

இனி நடந்த கூத்து. பத்தொன்பது வருஷம் கழித்து அதே குழியில் என் மாமாவை வைக்கத் திறந்தோம். குடும்பக் கல்லறை என்றால் அப்படித்தான், ஒன்றின் மேல் ஒன்று. வேலை முடிந்து கல்லைத் திரும்ப வைத்த கொத்தனார் பக்கத்து வரிசையில் வேறொரு குடும்பத்தின் கல்லை எங்களுக்கும் எங்கள் கல்லை அவர்களுக்கும் வைத்துவிட்டார். ஒரு வருஷம் முழுக்க முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எங்கள் பாட்டி பெயரின் கீழ் இருந்தார். நாங்கள் அந்த நவம்பரில் வந்து மண்டியிட்டு, கல்லைத் தொட்டு, அழுது, ஜெபித்து, எழுந்த பிறகுதான் அக்கா சொன்னாள்: 'டேய், இது அந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்ல இருந்துச்சு?'

அழுதது அழுததுதான் என்று மாமி சொல்லிவிட்டார். அடுத்த வாரம் நாலு பேர் வந்து மாற்றினார்கள். அந்தக் குடும்பத்துக்காரர்கள் இப்போதும் வருஷா வருஷம் எங்களைப் பார்த்தால் சிரிப்பார்கள். இன்றைக்கும் பார்த்தோம்.

நவம்பர் 3
அக்கா படித்துவிட்டாள். 'பத்தொன்பது இல்லை, பதினேழு. புளியோதரை இல்லை, எலுமிச்சைச் சாதம்.' பதிவு செய்துகொள்ளுங்கள்.

நவம்பர் 9
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒன்று யோசித்தேன். கேள்வி 'எது பழசு' என்று வந்தது. கல்லைக் கேட்கிறீர்களா, ஆளைக் கேட்கிறீர்களா? சென்னையில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். கொய்யாத் தோட்டத்துக் கற்கள் கோட்டைக்குள் போயின, ஆட்கள் சட்டக் கல்லூரிக்கு அடியிலேயே இருக்கிறார்கள். அதன் மேல் உட்கார்ந்து எத்தனை தலைமுறை வக்கீல்கள் படித்திருக்கிறார்கள்.

மிண்ட் தெருவில் யூதர்களின் கல்லறை இருந்தது. 1600-களில் வைரமும் பவளமும் வியாபாரம் செய்ய வந்தவர்கள். மண்ணடியில் பவளக்காரத் தெரு இன்னும் இருக்கிறதே, அந்தக் காலத்து வியாபாரத்தின் மிச்சம். அந்தக் கற்கள் அங்கிருந்து கிளம்பிக் காசிமேட்டுக்கு வந்தன. காசிமேட்டிலிருந்து 1983-இல் ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலைக்குப் போயின. வாடகை வீட்டுக்காரன் மாதிரி. கல் மூன்று வீடு மாறியது. ஆள்?

நவம்பர் 9, கொஞ்ச நேரம் கழித்து
அமைதியாக உட்கார இடம் கேட்டவருக்கு என் நேர்மையான பதிலை எழுத மறந்தேன். அரண்மனைக்காரத் தெரு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் என்பது நம் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது, அவ்வளவுதான். இப்போதிருக்கும் ஆர்மீனியத் தேவாலயம் 1772-இல் கட்டியது, அதுவும் அவர்களுடைய கல்லறை இருந்த இடத்தில். முற்றத்திலும் நடையிலும் சுமார் 350 பேர் இருக்கிறார்கள். கல்லெல்லாம் தரையோடு தரையாக, நமக்குப் படிக்க வராத எழுத்தில். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தராரை' 1794-இல் இந்த ஊரில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மவோனியனும் அங்கேதான் இருக்கிறார். சொந்த நாட்டில் இல்லாத பத்திரிகையை நம் பாரிமுனையில் நடத்தியிருக்கிறார் மனுஷன்.

வெளியே மீன்பாடி வண்டி, ஹாரன், பாத்திரக் கடை, அழைப்பிதழ் கடை. உள்ளே காலை வைத்தால் சத்தம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய மாதிரி நின்றுவிடும். அங்கே கல்லும் ஆளும் ஒரே இடத்தில். காரணம் என் பார்வையில் எளிது: இடிக்கத் துணிந்தவன் யாரும் அந்தத் தெருவில் நிர்வாகத்துக்கு வரவில்லை. அல்லது மணிக்கூண்டில் இருக்கிற ஆறு பெரிய மணிகளுக்குப் பயந்திருப்பான்.

நவம்பர் 17
மூலக்கொத்தளம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அப்பா வழியில் புதைக்கிற வழக்கம். தாத்தாவை எடுத்துப் போன ராத்திரி எனக்கு ஒன்பது வயது. தெருவை அடைத்துப் பந்தல், டியூப் லைட், கேரம் போர்டு, விடிய விடிய மரண கானா. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பாடினவர் அவரோடு மூட்டை தூக்கியவர். தாத்தா வாங்கின கடன், அடித்த சீட்டி, பாட்டியிடம் வாங்கின அடி, எல்லாம் பாட்டில் வந்தது. ஜனம் அழும், சிரிக்கும், மறுபடி அழும். கானாவை இன்று மேடையில் கேட்கிறவர்களுக்கு, அது எங்கே பிறந்தது என்று தெரிய அந்தப் பந்தலில் ஒரு ராத்திரி உட்கார வேண்டும்.

காலையில் ஊர்வலம், ரோடெல்லாம் பூ. அதன் மேல் நடக்கக்கூடாது என்று அத்தை என்னைத் தூக்கிக்கொண்டாள். பிறகு அப்பாவும் அங்கே போனார். மண்மேடு, மேலே ஒரு செங்கல். கல் வைக்கவில்லை. பணமில்லை என்பது ஒன்று, வைத்தாலும் அடுத்தவருக்கு இடம் வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு தூங்குமூஞ்சி மரத்திலிருந்து கிழக்கே பதினோரு அடி என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அப்பா பக்கம் ஆள் இருக்கிறார், கல் இல்லை. அம்மா பக்கம் கல் ஒரு வருஷம் ஊர் சுற்றிவிட்டு வந்தது.

நவம்பர் 17, தொடர்ச்சி
சொந்தக் கதையில் முக்கியமானதை விட்டுவிட்டேன். 1938-இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது மறியல் செய்து சிறைக்குப் போனவர்களில் நடராசன், தாளமுத்து இருவரும் காவலில் நோய்வாய்ப்பட்டு இறந்தார்கள். ஜனவரி 25, 1939 அன்று நடராசன், அடுத்து தாளமுத்து. இருவரையும் மூலக்கொத்தளத்தில் எரித்தார்கள். மொழிப்போரின் முதல் இரண்டு சாவு. வீரத்தமிழன்னை என்று பெயர் வாங்கிய டாக்டர் தருமாம்பாள் 1959-இல் இறந்ததும் அவரையும் அங்கேயே வைத்தார்கள்.

நவம்பர் 18
மேலே எழுதியதில் இரண்டு பெரிய பிழை. பெரியவர் ஒருவர் தனிச் செய்தியில் காதைத் திருகினார். ஒன்று, எரிக்கவில்லை, அடக்கம் செய்தார்கள். சமாதி இருக்கும்போதே எரித்தார்கள் என்று எழுதினேனே! இரண்டு, நடராசன் இறந்தது 1939 ஜனவரி 15, பொங்கலை ஒட்டி. தாளமுத்து அதே வருஷம் மார்ச்சில். ஜனவரி 25 என்பது கீழப்பழுவூர் சின்னச்சாமி 1964-இல் திருச்சியில் தீக்குளித்த நாள். அந்த நாளில் எல்லாத் தியாகிகளுக்கும் சேர்த்து மாலை போடுவதால் எனக்குக் குழம்பிவிட்டது. கட்டாய இந்தி ஆணையை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

அதே பெரியவர் சொன்ன இன்னொன்று. 1938 நவம்பரில் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்று பட்டம் கொடுத்த பெண்கள் மாநாடு நடந்தது வால்டாக்ஸ் ரோட்டில், ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில். முன்நின்று நடத்தியவர்களில் தருமாம்பாள் ஒருவர். அந்தக் கொட்டகையிலிருந்து வடக்கே நடந்துபோனால் அவருடைய சமாதி. ஒரே ரோட்டில் வாழ்ந்து முடித்திருக்கிறார்.

நவம்பர் 18, இரவு
'மூலம்' வியாதிக்கும் மூலக்கொத்தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு குறும்பர் கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை தம்பி. மூலை, கொத்தளம். 1769-இல் பால் பென்ஃபீல்ட் என்கிற ஒப்பந்தக்காரர் கறுப்பர் பட்டணத்தை, அதாவது கோட்டைக்கு வெளியே நம் ஜனங்கள் இருந்த இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றி மதில் கட்ட ஆரம்பித்தார். அதன் வடமேற்கு மூலையில் இருந்த கொத்தளம் இது. மேற்கு மதிலின் செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வசூலிக்கப் பார்த்தார்கள். வரி வரவில்லை, வால்டாக்ஸ் என்ற பெயர் மட்டும் ரோட்டுக்கு வந்தது. மதிலுக்கு வெளியே ஊர் முடிந்தது, ஊர் முடிந்த இடத்தில் காடு. அப்படித்தான் எங்கள் ஆட்கள் அங்கே போனார்கள் என்பது என் ஊகம்.

டிசம்பர் 7
மழை விட்ட ஞாயிறு. பேரனைக் கூட்டிக்கொண்டு மாடிப் பூங்கா போனேன். அந்த மதிலில் மிஞ்சிய துண்டு அதுதான், பழைய ஜெயில் ரோட்டில். மதிலின் மேலேயே 1957-இல் பூங்கா வைத்துவிட்டார்கள். மேலே ஏறிப் புல்லில் உட்காரலாம், கீழே அறைகள் மாதிரி வளைவுகள். ஆக, கேட்டவரே, வட சென்னையில் செத்துப்போன ஒன்றின் மேல் பூங்கா இருக்கத்தான் செய்கிறது. செத்தது மதில். பேரன் கேட்டான், 'தாத்தா, இதுக்குள்ள யார் இருக்காங்க?' கொத்தனார்கள் என்றேன். நம்பிவிட்டான். வீட்டில் போய் எனக்குத் திட்டு.

ஜனவரி 26
நேற்று மூலக்கொத்தளம் போனேன். கூட்டத்துக்காக இல்லை. ஆனால் கூட்டம் இருக்கிற நாளில்தான் உள்ளே வழி சுத்தமாக இருக்கும். கட்சிக்கொடிகள், மாலைகள், ஒலிபெருக்கி, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நேரம். நினைவிடத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது.

2018 வாக்கில் இந்த இடத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போவதாகச் செய்தி வந்தபோது தெருவில் இறங்கிக் கத்தினவர்களில் நானும் ஒருவன். தியாகிகள் இடம் என்று கத்தினேன். உண்மையில் அந்தப் பதினோரு அடிக்காகத்தான் கத்தினேன். கட்டடம் வந்துவிட்டது. இப்போது அதைப் பார்த்தால் கோபம் முழுசாக வரவில்லை. பால்கனியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் காய்கிறது. வீடில்லாதவனுக்கு வீடு, அதுவும் இதே பகுதியில். செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கி எறியாமல் இங்கேயே கொடுத்தது எவ்வளவோ மேல் என்று ஒரு மனசு. புதைத்த மண்ணைத் தோண்டித்தான் கொடுக்க வேண்டுமா என்று இன்னொரு மனசு. இன்னும் முடிவு செய்யவில்லை. எழும்பூரில் கட்டட அனுமதிக்குப் போய் நிற்கிற மாளிகைக்குப் பெயரே தாளமுத்து நடராசன் மாளிகைதான். வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர்கள் இங்கே இருப்பது தெரியும்?

தூங்குமூஞ்சி மரம் இல்லை. எந்தப் புயலில் போனதோ. கையில் பூவை வைத்துக்கொண்டு திரிந்தேன். அங்கே வேலை பார்க்கிற அக்கா ஒருவர் கேட்டார்.

'யாருக்குண்ணா வந்தீங்க?'
'அப்பாவுக்கு.'
'கல்லு எந்தப் பக்கம்?'
'கல்லு வைக்கல. ஒரு மரம் இருந்துச்சு.'
'எந்த வருசம்?'
சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.
'அப்ப அந்தக் குழாயாண்ட போட்டுட்டுப் போங்க. அந்த வருசத்துல வந்தவங்கல்லாம் அந்தப் பக்கந்தான்.'

குழாயடியில் போட்டேன். அங்கே ஏற்கெனவே யாரோ போட்ட இரண்டு முழம் மல்லி கிடந்தது.

ஜனவரி 27
அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். 'அது தூங்குமூஞ்சி இல்லடா, புங்கமரம்' என்கிறாள். அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கேள்வி கேட்ட நண்பர் வருவதானால் காலையில் அரண்மனைக்காரத் தெருவில் பார்க்கலாம், முற்றத்தில் உட்கார்ந்துவிட்டு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். செருப்பு கெட்டியாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.